அம்மா போனுக்கு வராத அப்டேட்

ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில், படுக்கை விரிப்புகளை இஸ்திரி மெஷினுக்குள் விடுவது அவள் வேலை. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் போனை ஏப்ரன் பையில், வயிற்றோடு ஒட்டினாற்போல் வைத்திருப்பாள். அதிர்ந்தால் தெரிய வேண்டும்.

அவள் மகளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. மகளை வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். கையில் ஒட்டிய சென்சார் சர்க்கரையை அளந்து வாலுவின் போனுக்கு அனுப்பும். அங்கிருந்து அம்மாவின் போனுக்கு வரும். அளவு இறங்கினால் இரண்டும் அலறும்; உடனே இனிப்பு கொடுக்காவிட்டால் வாலு மயங்கிவிடுவாள். அந்தச் சென்சார் வந்த பிறகுதான் அம்மா மறுபடி வேலைக்குப் போனாள். அதுவரை பள்ளிக்கூட வாசலே கதி என்று கிடந்தவள்.

இரண்டு போனும் ஒரே மாடல். வாலுவுடையது கடையில் வாங்கியது. அம்மாவுடையது சிம் கம்பெனி தன் திட்டத்தோடு சேர்த்துக் கொடுத்தது. வெளியே ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் அப்டேட் முதலில் கடை போனுக்கு வரும். மற்றதற்கு சிம் கம்பெனி சரிபார்த்து அனுப்ப மாதக்கணக்காகும்.

"உன் போன் எப்பவும் கடைசி பெஞ்சும்மா" என்பாள் வாலு.

அன்று காலை வாலுவின் போனில் புது அப்டேட் தானாகவே ஏறியிருந்தது. எழுத்தெல்லாம் அழகாகிவிட்டதென்று குதித்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன் வழக்கமாகச் சர்க்கரை கொஞ்சம் இறங்கி, ஒரு தடவையாவது பை அதிரும். அன்று அதிரவில்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த நிம்மதியே உறுத்தியது. கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். நல்ல எண்தான். ஆனால் வாலு வீட்டை விட்டுக் கிளம்பியபோது வந்த எண். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

இரைச்சலை விட்டு வாசலுக்கு ஓடிக் கூப்பிட்டாள். வாலு போனை எடுக்கவில்லை. பள்ளியின் எண் பிஸி. மறுபடியும் பிஸி. ஒருவழியாக டீச்சர் லைனுக்கு வந்தார்.

"விளையாட்டு பீரியட்டுங்க. இப்பதான் ஓடிட்டிருந்தா."

"ஓட விடாதீங்க டீச்சர். போய்ப் பாருங்க. போனை வெக்காதீங்க."

டீச்சரின் செருப்புச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், பிறகு மூச்சிரைப்பு. "சுவரோரமா உட்கார்ந்திருக்கா. கூப்பிட்டா ஏதோ உளர்றா."

"அவ பையில ஜூஸ் இருக்கு. குடுங்க. முழுங்குறாளா?"

பிள்ளைகளின் கூச்சல் மட்டும் கேட்டது. அவள் வாசல் கதவின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுங்குறா."

சூப்பர்வைசரிடம்கூடச் சொல்லாமல் ஓடினாள். பள்ளி அலுவலகத்தில் வாலு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். "ஏப்ரனோடயே வந்துட்டியாம்மா? என் மானமே போச்சு" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் சென்சார் கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்தவர் நிதானமாகப் பேசினார். "புது வெர்ஷன்ல எங்க ஆப் தானா நின்னுடுது மேடம். சரி பண்ணிட்டிருக்கோம். உங்க போனுக்கு அப்டேட் வரலை, அதுல ஓடும்."

"பழைய வெர்ஷனுக்கே திருப்ப முடியாதா?"

"முடியாது மேடம். வெப்சைட்ல எச்சரிக்கை போட்டிருந்தோம்."

"என் பொண்ணு வெப்சைட்ல இல்லைங்க. கிரவுண்ட்ல இருந்தா."

அவர் மன்னிப்புக் கேட்டார். அவள் வைத்துவிட்டாள்.

அன்றே போன்களை மாற்றிக்கொண்டார்கள். தன்னுடையதில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தி, சென்சாரை அதில் இணைத்து, வாலுவிடம் கொடுத்தாள். தன்னிடம் வந்த வாலுவின் போன், எண்ணை வாங்கிக் காட்டுகிற வேலையையாவது புது வெர்ஷனில் ஒழுங்காகச் செய்கிறதா என்று, இரண்டு நாள் லீவு போட்டுப் பார்த்துவிட்டே வேலைக்குத் திரும்பினாள்.

சில மாதங்கள் கழித்து, வாலுவிடம் இருந்த அந்தப் போனுக்கும் அப்டேட் வந்தது. சென்சார் கம்பெனியில் கேட்டாள், ஆப்பைச் சரிசெய்துவிட்டோம் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விரலில் குத்திப் பார்க்கும் கருவியையும் ஜூஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். போன் அணைந்து, நெடுநேரம் கழித்து விழித்தது. ஓர் எண் வந்தது. வாலுவின் விரலில் குத்திப் பார்த்தாள். ஏறக்குறைய அதே அளவு. கொஞ்ச நேரத்தில் அடுத்த எண்ணும் வந்தது.

"இப்பவாவது குளிக்கப் போகலாமா?" என்றாள் வாலு.

"இன்னும் ஒண்ணு வரட்டும்" என்றாள் அம்மா.