திரும்பி வரச் சொன்ன தந்தி

கனடாவில், மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் நான் வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் மூதாட்டிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. மடாம் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அப்பா எஸ்தோனியாவில் அமைச்சராக இருந்தவர். பிறகு வெளிநாட்டில் அந்த நாட்டின் தூதர். வரவேற்பறைச் சுவரில், புகைப்படத்தில், நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு நிற்கிறார். தூசி தட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். உனக்கென்ன ஐயா, பெரிய இடம் என்று மனதுக்குள் திட்டுவேன்.

சென்ற குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தில் அம்மா படுக்கையில் விழுந்தார். நான் என்ன செய்தேன்? ஒருவரையும் கேட்காமல் இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்தேன், டிக்கெட்டும் பார்த்து வைத்தேன். அகதியாக வந்து நிரந்தர வதிவிடம் கிடைத்தவள் நான். குடியுரிமை இன்னும் கையில் இல்லை. விஷயத்தைக் கேட்ட வழக்கறிஞர் தலையில் கை வைத்தார். உயிர் தப்பி ஓடிவந்த நாட்டிடமே திரும்பவும் பாதுகாப்புக் கேட்டதாக இங்குள்ள அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்களாம். புதுப்பித்ததே பிழை, அதோடு அங்கே போயும் வந்தால் வதிவிடமே பறிபோகலாம்.

"இஞ்சேரும், பயணத்தைப் பற்றி இனி மூச்சும் விடாதையும்," என்றார் கணவர். "பிள்ளையள் இஞ்சை, நீர் அங்கையோ?"

"அப்ப அம்மா தனியக் கிடந்து சாகட்டும் எண்டு விடவோ?"

யாரும் பூட்டாத வீட்டில் நான் அடைபட்டுக் கிடந்தேன். கண்ணில் பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

ஒரு மத்தியானம் மடாமுக்கு சூப் கொடுக்கும்போது அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் அரைகுறைப் பிரெஞ்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கரண்டியை விலக்கிவிட்டுத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்.

சோவியத் படை எஸ்தோனியாவுக்குள் நுழைந்ததும், அங்கே வந்த புதிய அரசு தூதர்களையெல்லாம் நாடு திரும்பச் சொல்லித் தந்தி அடித்ததாம். அப்பாவின் தாய் அங்கேதான், கடலோர ஊரொன்றில் நோயோடு இருந்தார். அப்பா பெட்டி கட்டினார். அவிழ்த்தார். மறுபடியும் கட்டினார். அவரோடு வேலை செய்த நண்பர் ஒருவர் தந்தியை நம்பிப் போனார். ரயிலடியிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அப்பா போகவில்லை. தாய் இறந்த செய்தியே இரண்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தது. பிறகு கப்பலேறி மொன்றியலுக்கு வந்தார். ஒற்றை அறையில், வரைபடத்தில் இல்லாமல் போன நாட்டின் முத்திரையை மேசையில் வைத்துக்கொண்டு, தினமும் காலையில் டை கட்டி உட்காருவார். தன்னைப்போல வெளிநாட்டில் அகப்பட்டுக்கொண்டவர்களுக்குக் கடவுச்சீட்டு எழுதிக் கொடுப்பார்.

"போகாமல் விட்டது சரி என்று நினைத்தாரா, மடாம்?"

"சரிதான் என்று ஒவ்வொரு நாளும் சொல்வார். முகம் மழிக்கும்போது, கண்ணாடியைப் பார்த்து. நாங்கள் யாரும் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை."

சூப் ஆறிப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் அம்மாவின் அழைப்பு வந்தது. குரல் நன்றாகத் தேய்ந்திருந்தது.

"பிள்ளை, பயணம் என்ன மாதிரி?"

"அம்மா, இஞ்சை கடதாசியளிலை ஒரு சிக்கல்..."

"எனக்குத் தெரியும். உன்னாலை வர ஏலாது." மூச்சு வாங்கிக்கொண்டார். "வாறன் எண்டு மட்டும் ஒருக்காச் சொல்லு. நான் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திச் சொன்னேன்: "வாறன் அம்மா. அடுத்த மாசம் வாறன்."