வளையல் உடைந்த சத்தம்

அம்மனை நம்பும் அன்பர்களே, நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். படித்தவன். ஆனாலும் என் மகளைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தினேன்.

மனைவி இல்லாத வீடு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, மகள் கவிதாவை உடுமலைப்பேட்டைக்கு அழைத்து வந்தேன். சில நாட்களில் கை வீங்கி, கண்ணாடி வளையல்கள் சதையில் பதிந்தன.

"தலை வலிக்குதுங்கப்பா. வளையலும் இறுக்குது. கழட்டிப்போடட்டுங்களா?"

"பிரசவம் ஆகிற வரைக்கும் கழட்டக் கூடாது கண்ணு. மாசமா இருந்தா நீர் கோக்கறதுதான்."

என் பேச்சைத் தட்டாதவள், பொறுத்துக்கொண்டாள். கண் மங்குகிறது என்ற பிறகுதான் அவளைக் கோவை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினேன்.

ரத்த அழுத்தம் எல்லை மீறியிருந்தது. கல்லீரலும் கெட்டு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்துகொண்டிருந்தன.

"குழந்தையைச் சீக்கிரம் எடுத்தாகணுங்க. அதோட நுரையீரல் பலப்பட முதல்ல ஸ்டீராய்டு ஊசி போடறோம்" என்றார் மருத்துவர்.

கையில் மருந்து ஏற்ற வளையல்கள் தடுத்தன. கழற்றவும் முடியவில்லை. செவிலியர் உடைக்க வந்தார். சுமங்கலி கை வளையலை உடைப்பதா? குறுக்கே நின்றேன்.

"உடைக்கட்டுமுங்கப்பா" என்றாள் கவிதா. "நீங்க வெளிய போய்ச் சாமி கும்பிடுங்க."

கண்ணாடி நொறுங்குவது கதவைத் தாண்டிக் கேட்டது. உள்ளே விடமாட்டார்கள். விலகிப் போகக் கால் வரவில்லை. சுவரைப் பார்த்து நின்றே எங்கள் ஊர் மாரியம்மனிடம் கேட்டேன். "தாயே, என் பேச்சைக் கேட்டதற்காக அவளைத் தண்டிக்காதே."

ஊசி வேலை செய்யும்வரை அழுத்தத்தை மருந்தால் தடுத்து வைத்தார்கள். பிறகு அறுவை சிகிச்சை. பெண் குழந்தை. சிறியவள்தான், தானாக மூச்சு விட்டாள். ஆனால் தாயின் பிளேட்லெட் மேலும் சரிந்தது. அதை ஏற்ற, இம்முறை அவளுக்காகவே ஸ்டீராய்டு தொடங்கினார்கள்.

"எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாதுங்க" என்றார் மருத்துவர்.

மறுபடியும் அதே சுவர். அதே வேண்டுதல். எத்தனை முறை சொன்னேனோ தெரியாது. ஒரு காலையில் மருத்துவரே வெளியே வந்து, "பிளேட்லெட் ஏறுதுங்க" என்றார். அந்தச் சுவரையே தொட்டுக் கும்பிட்டேன்.

காப்பாற்றியது மருந்தா, அம்மனா என்று கேட்கிறார்கள். மருந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். குறுக்கே நின்ற என்னை, என் மகள் வாயால் விலக்கியது யார் என்பதும் தெரியும்.

இப்போது வளைகாப்புக்கு அழைத்தால் பிரஷர் பார்க்கும் கருவியோடு போகிறேன். "வாத்தியார் வாராருங்க, கையை நீட்டு அம்மணி" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

நம்பிக் கும்பிடுங்கள். கர்ப்பிணி தலைவலி என்றால், கும்பிட்டுக்கொண்டே வண்டியை எடுங்கள்.