சம்பந்திக்கு வெள்ளைக் காய்

சம்பந்தியோடு செஸ் ஆடி ஜெயித்திருக்கிறீர்களா? போன மாதம் வரை நான் ஜெயித்ததில்லை.

மருமகள் சுமதியின் அப்பா அவர். கங்காதர நெல்லூரில் விவசாயம். திருச்சானூரில் எங்கள் வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டதும் போர்டை விரிப்போம். பெண் கொடுத்தவருக்கு வெள்ளைக் காய் — அது எங்கள் வீட்டு மரியாதை. அடிப்பது அவர், வாங்கிக்கொள்வது நான்.

அவருக்குக் கண்புரை. மங்கலான கண்ணோடு பைக்கில் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆபரேஷன் என்றால் சிரிப்பார்.

"ஒரு தபா என்னை ஜெயிங்க சம்பந்தி. மறுநாளே வந்து படுத்துக்கறேன்."

சுமதி என்னைப் பிடித்துக்கொண்டாள். போனில் போர்டைக் காட்டினாள்.

"மாமா, எங்க நைனா எப்பவும் ராஜா முன்னாடி சிப்பாயைத்தான் ரெண்டு கட்டம் தள்ளுவாரு. நீங்க ராணிப் பக்கத்து பிஷப் முன்னாடி கீற சிப்பாயை ஒரே கட்டம் வையிங்க."

"பயந்துக்கினா மாதிரி இருக்காதாம்மா?"

"அடுத்து ராணி முன்னாடி சிப்பாய் ரெண்டு கட்டம். அத்த நைனா வெட்டினா, மொதல்ல வெச்சது வெட்டும். பிஷப்புக்கும் வழி அடைக்காது."

இந்தத் தடுப்பாட்டத்துக்குக் காரோ-கான் என்று பேராம்.

எனக்கு ஒரு கட்டம் புதிதா என்ன? பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் லாரிக்குக் காத்திருந்தபோது கற்ற ஆட்டம் என்னுடையது. அங்கே சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும். ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரித் தாண்டலாம். அந்தத் தாண்டலை நம்பியே பாதி ஆட்டம் தோற்றிருக்கிறேன்... அது கிடக்கட்டும்.

சம்பந்தி வந்தார். சிப்பாயைத் தள்ளினார். நான் ஒரு கட்டம் வைத்தேன்.

"இன்னா சம்பந்தி, கதவைச் சாத்திக்கினீங்களா?"

"உள்ளதான் கீறேன். வாங்க."

வந்தார். முட்டினார். எதுவும் உடையவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது — இது ஒளிந்துகொள்வது இல்லை. பின்னால் ஒரு ஆளை நிறுத்திவிட்டு, அப்புறம் நடுவில் போய் நிற்பது!

வழக்கமாக காபிக்குள் முடிந்துவிடும் ஆட்டம், விளக்குப் போடும் நேரம் வரை நீண்டது. சம்பந்தி கண்ணைக் கசக்கினார். ராணியை எடுத்து, என் சிப்பாயின் வாயிலேயே வைத்தார். கறுப்புக் கட்டத்தில் கறுப்புச் சிப்பாய்.

கை துறுதுறுத்தது. வெட்டவில்லை.

"பாத்து வையிங்க சம்பந்தி."

"பாத்துதான் வெச்சேன்."

"குறுக்கால இன்னா கீது?"

"காலி கட்டம்."

அவர் விரலைப் பிடித்துச் சிப்பாயின் தலையில் வைத்தேன். தடவிப் பார்த்தார். சமையலறையிலிருந்து சுமதி எட்டிப் பார்த்தாள்.

பிறகு, தோற்றேன் என்று தன் ராஜாவைத் தானே படுக்க வைத்தார்.

"காலைல ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ எத்தினி மணிக்கு?"

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. போன ஞாயிறு வந்தார். என் சிப்பாய்களை ஒன்றுவிடாமல் வெட்டிப் பொறுக்கிக்கொண்டார். பக்கத்தில் நின்று கைதட்டியது யார் தெரியுமா?

எனக்குக் காரோ-கான் சொல்லிக்கொடுத்த அதே மருமகள்தான்!