கவின் மூக்கும் மலரக்கா கையும்

விசா புதுப்பிக்கப் பழைய பாஸ்போர்ட் நகல் ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் எதைத் தேடினாலும் அது மேசையின் கடைசி இழுப்பறையில்தான் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. செத்துப்போன சார்ஜர்கள், ஒற்றைச் சாவிகள், எந்தச் சட்டையிலிருந்து விழுந்தது என்று தெரியாத பொத்தான்கள் எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். பாதி காலியான ஒரு சானிடைசர் குப்பியும் விழுந்து மூடி கழன்றது. அந்த வாடை மூக்கில் ஏறிய அதே நேரத்தில், இழுப்பறையின் மூலையில் ஜிப் கவருக்குள் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டும் கண்ணில் பட்டது. கொரோனா டெஸ்ட் கிட். மேலே மார்க்கரில் 'கவின்' என்று என் கோணல் எழுத்து. அதற்குக் கீழே ஒரு தேதி. உற்றுப் பார்த்தால் அந்தத் தேதிக்கு அடியில் மங்கலாக இன்னொரு தேதி.

கவினுக்கு இப்போது பத்து முடியப்போகிறது. எட்டிப் பார்த்து, "வாட்ஸ் தட், அப்பா?" என்றான். பழைய குப்பை என்று சொல்லி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டேன். மகனிடம் சொல்கிற அளவுக்கு யோக்கியமான சமாச்சாரம் இல்லை அது. உங்களிடம் சொல்லலாம்.

கவின் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நாங்கள் இதே வளைகுடா நகரத்தில், தேரா என்கிற பகுதியில் இருந்தோம். இரண்டு அறை உள்ள ஃபிளாட், இரண்டு வீட்டாருக்கு. பெரிய அறையில் நான், என் மனைவி தமிழ்ச்செல்வி, கவின். சின்ன அறையில் மலரக்கா. ஒரே அடுப்படி, ஒரே குளியலறை. பள்ளிக்கூடம் மறுபடி திறந்து பிள்ளைகள் போக ஆரம்பித்திருந்த காலம். சில பள்ளிகள் காய்ச்சல் வந்தால் மட்டும் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டன. எங்கள் பள்ளிக்கூடம் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. ஞாயிறுதோறும் பெற்றோர் வீட்டிலேயே பிள்ளைக்கு டெஸ்ட் எடுக்க வேண்டும். கிட்டின் மேல் பெயரும் தேதியும் எழுதி, போட்டோ பிடித்து, இரவு எட்டு மணிக்குள் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட வேண்டும். டீச்சர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் காட்டுவார். கட்டைவிரல் விழாத பிள்ளைக்குத் திங்கட்கிழமை கேட் திறக்காது.

அந்தக் குழுவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு அம்மா வாரா வாரம் பூப்போட்ட மேசை விரிப்பு மாற்றி, பக்கத்தில் ஒரு ரோஜாவும் வைத்து அனுப்புவாள், ஏதோ நிச்சயதார்த்த மோதிரம் மாதிரி. ஒரு அப்பா பாதி தின்ற பிரியாணித் தட்டோரம் வைத்து அனுப்பினார். என் போட்டோவில் என் கால் கட்டைவிரல் விழுந்து, செல்வி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. செல்விக்கு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மாலை டூட்டி. அதனால்தான் இந்த மூக்கு உத்தியோகம் என் தலையில் விழுந்தது.

மூக்கு என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். கவின் மூக்கைத் தொடுவதும் ஒன்று, மின்சாரக் கம்பியைத் தொடுவதும் ஒன்று. குச்சியைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். முதல் வாரம் காலைப் பிடித்து இழுத்தேன், கடித்தான். இரண்டாம் வாரம் சாக்லேட் காட்டினேன். அதைத் தின்றுவிட்டுக் கடித்தான். மூன்றாம் வாரம் நான் போட்ட சத்தத்தில் சின்ன அறைக் கதவு திறந்தது.

மலரக்கா மலையகத்தில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர். இங்கே ஒரு ஆபீஸில் டீ போட்டு, மேசை துடைக்கிற வேலை. மூன்று மணிக்கெல்லாம் வந்துவிடுவார். கவின் பள்ளி விட்டு வந்தால், நான் வரும்வரை அவர் மடிதான் அவனுக்கு வீடு. அன்றைக்கு என்னைப் பார்த்து, "என்னாங்க தம்பி, கோழியா பிடிக்கிறீங்க? இங்க தாங்க" என்று குச்சியை வாங்கினார். தரையில் உட்கார்ந்தார். காது குடைகிற பஞ்சு ஒன்றை எடுத்து முதலில் தன் மூக்கில் விட்டு, "ஒரு கொழுந்து, ரெண்டு கொழுந்து" என்று ஐந்துவரை சுற்றி எண்ணிக் காட்டினார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை வந்தது. "இப்ப ஒங்க தோட்டத்துல எத்தன கொழுந்து இருக்குன்னு பாப்பமா?" அவன் தானாக வந்து முகத்தை அண்ணாந்து காட்டினான். ஊரில் பத்து வருஷம் கொழுந்து எடுத்த விரல்கள் அவை. குச்சி போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் மலரக்காதான். நான் வெறும் போட்டோகிராபர்.

அக்காவுக்கு ஊரில் ஒரே மகள். அவளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது, லீவு கிடைக்கவே இல்லை. விமான நிலையம் மூடல், ஊரடங்கு என்று மகளின் கல்யாணம் ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. மூன்றாவதாகக் குறித்த நாளைத் தள்ள முடியாது, மாப்பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போகிறார். அக்காவுக்கு வியாழக்கிழமை டிக்கெட், ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெட்டி ஒரு மாதம் முன்பே கட்டியாயிற்று. பால்மாவும் சோப்பும் வைத்து, கயிறு சுற்றி, தூக்கிப் பார்த்து, மறுபடி அவிழ்த்து எதையாவது சேர்ப்பார். கல்யாணத்துக்குக் கட்டப்போகிற அரக்குப் புடவை கதவுக்குப் பின்னால் பாலித்தீன் கவரில் தொங்கியது. விமானம் ஏற நெகட்டிவ் ரிப்போர்ட் வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். "தம்பி, புள்ளைக்கோ ஒங்களுக்கோ ரெண்டு கோடு வந்துச்சுன்னா ஒடனே சொல்லிருங்க. அந்த நிமிசமே நான் சத்வாவுல நாத்தனார் ரூமுக்குப் போயிருவேன்" என்றார். செல்வி தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

அக்கா பயணத்துக்கு முந்தின ஞாயிறு. செல்வி டூட்டியில். அக்கா மகளுக்கு வளையல் வாங்க நைஃப் கடைத்தெருப் பக்கம் போயிருந்தார். கவின் மதியத்திலிருந்தே சுருண்டு கிடந்தான், ஏழு மணிக்கு நன்றாகத் தூங்கிவிட்டான். எழுப்பினால் ஊரே கூடும், கொழுந்து எண்ண ஆளும் இல்லை. அக்கா வர எட்டரை ஆகும் என்று போன் வந்தது. எட்டு மணிக்குப் போட்டோ போக வேண்டும். இதெல்லாம் காரணங்கள்தான். உண்மையைச் சொன்னால் டிவியில் கிரிக்கெட், கடைசி நான்கு ஓவர்.

டீச்சர் சில சமயம் போட்டோ தெளிவாக இல்லை, மறுபடி அனுப்புங்கள் என்பார். அதனால் செல்வி பழைய கிட்டை உடனே எறியாமல், அடுத்த வாரம் வரை ஜிப் கவரில் போட்டு வைத்திருப்பாள். போன வாரத்துக் கிட் இழுப்பறையில் இருந்தது. அழகான ஒற்றைக் கோடு. பஞ்சில் சானிடைசர் தொட்டுத் தேதியைத் துடைத்தேன். புதுத் தேதி எழுதினேன். ஒரு விளம்பர இடைவேளைக்குள் முடிந்தது வேலை. கட்டைவிரல் விழுந்தது. புது கிட் ஒன்று பெட்டியில் மிஞ்சினால் செல்விக்குத் தெரிந்துவிடுமே என்று, அதை என் ஆபீஸ் பைக்குள் போட்டுக்கொண்டேன். திருட்டுத்தனத்துக்கு மட்டும் இந்த மூளை நன்றாக வேலை செய்யும். பழையதைக் குப்பையில் போட்டால் கண்ணில் படும் என்று இழுப்பறையின் அடியில் தள்ளினேன்.

அக்கா வந்ததும் முதல் கேள்வி, "புள்ளைக்கு எடுத்தாச்சுங்களா?" "ஆச்சுக்கா, ஒரு கோடு" என்று போனை நீட்டினேன். திங்கட்கிழமை அவன் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து சாயங்காலம் முழுக்க அவர் மடியில் இருமிக்கொண்டு கிடந்தான். ஏசி குளிர் என்று நினைத்து அக்கா கஷாயம் போட்டு ஊட்டினார். செவ்வாய்க்கிழமை மதியம், பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப்போங்கள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன். வீட்டில் அக்காதான் குச்சி விட்டார், ஐந்து கொழுந்தும் எண்ணினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டாவது கோடு முதல் கோட்டைவிடத் தடிப்பாக வந்து நின்றது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நானும் எடுத்துட்டு வந்துர்றேன்" என்று எழுந்து பி.சி.ஆர். எடுக்கப் போனார். புதன்கிழமை காலை அவர் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. பாசிட்டிவ். என் கையில் தந்து, "சரியாப் படிங்க தம்பி, எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு" என்றார். படித்தேன். வேறெந்த விதமாகவும் படிக்க முடியாத வார்த்தை அது. அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

எனக்கும் செல்விக்கும் ஒன்றும் வரவில்லை. ஆக நெகட்டிவ்காரர்கள் பெரிய அறையில், பாசிட்டிவ்காரர்கள் இரண்டு பேரும் சின்ன அறையில் என்று செல்வி வீட்டைப் பிரித்தாள். கவினுக்குப் பிறவிப் பயன் அடைந்த மாதிரி. இருபத்துநாலு மணி நேரமும் மலர் ஆன்ட்டி. நாங்கள் கதவுக்கு வெளியே ஸ்டூலில் சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்தால், உள்ளே இழுபடும். சிரிப்புச் சத்தம் கேட்கும், இருமல் கேட்கும், சில நேரம் ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றுமே கேட்காத நேரங்களில் நான் பால்கனிக்குப் போய்விடுவேன்.

சனிக்கிழமை, அந்தக் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டுச் செல்வி என்னைப் பார்த்தாள். "ஏங்க, போன ஞாயித்துக்கிழமை நல்லாப் பாத்தீங்கல்ல? ஒரு கோடுதானே? மங்கலா ரெண்டாவது ஏதும் இல்லல்ல?"

"ஆமா" என்றேன்.

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். "ஒரு கோடுதாங்க. போட்டாவ நானும் பாத்தேனே. அதுக்கப்புறம் ஸ்கூல்ல தொத்தியிருக்கும்." எனக்கு உயிர் வந்தது. என் போட்டோ அவ்வளவு நேர்த்தி என்று ஒரு கேவலமான திருப்திகூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் போனில் நடந்தது. நான் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். நாதஸ்வரம் நின்று நின்று வந்தது, அட்டனில் சிக்னல் அப்படி. கெட்டிமேளம் கேட்டபோது கவின் "த்ரோ, த்ரோ" என்று கத்தினான். இரண்டு பேரும் போனின் மேல் அரிசி போட்டிருக்கிறார்கள். பிற்பாடு அறையைப் பெருக்கும்போது பார்த்தேன், கட்டில் விரிப்பெல்லாம் மஞ்சள் அரிசி. அக்கா அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார் என்று கவின் சொன்னான்.

அடுத்த வருஷம் அக்கா ஒரேயடியாக ஊருக்குப் போய்விட்டார். நாங்களும் அதே மேசையோடு தேராவை விட்டு அல் கூசைஸ் வந்தோம். வகுப்புக் குழு ஒருநாள் சத்தமில்லாமல் செத்தது. கடைசிச் செய்தியாக யாரோ பழைய ஸ்கூல் ஷூ விற்க வந்திருந்தார்கள். மூலைக்கு மூலை இருந்த டெஸ்ட் கூடாரங்களில் ஒன்றுகூட இப்போது இல்லை. செல்வி கடையில் கிட்கள் கீழ்த்தட்டில் தூசி பிடித்துக் கிடந்து, தேதி முடிந்து திரும்பிப் போகின்றனவாம். அந்த நாட்களைச் சேர்ந்த அத்தனையும் போய்விட்டது, என் ரகசியம் ஒன்றுதான் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

லுங்கியில் செருகியதைக் கவின் விடவில்லை. உருவி எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "ஓ, திஸ்! இது நீங்க என் நோஸ்ல போடாம அனுப்பினதுதானே?"

"ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"நான் ஸ்லீப் பண்ற மாதிரி பாத்துட்டுதானே இருந்தேன். நீங்க டேட்ட அழிச்சீங்க. மலர் ஆன்ட்டிகிட்ட அப்பவே சொல்லிட்டேன்."

"எப்ப?"

"ரூம்ல லாக் பண்ணீங்களே, ஃபர்ஸ்ட் டே. ஆன்ட்டி கொஞ்சம் அழுதாங்க. அப்புறம், அம்மாகிட்ட சொல்லாதீங்க, அப்பாவுக்கு ஏச்சு விழும்னாங்க." சொல்லிவிட்டு அதைக் கீழே போட்டுவிட்டு டேப்லெட்டைத் தேடிப் போய்விட்டான்.

முதல் நாள் என்றால் புதன்கிழமை. கதவுக்கு உள்ளேயிருந்து "ஒரு கோடுதாங்க" என்று குரல் வந்தது சனிக்கிழமை. நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் செய்து அவரிடம் சிரித்துப் பேசியிருக்கிறேன்.

அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். இடுப்பில் பேத்தியோடு வந்தார். என்னை விட்டுவிட்டு, "எங்க நம்ம தோட்டக்காரரு?" என்றார். கவின் ஓடி வந்தான். அக்கா ஒரு விரலை நீட்டி, "ஒரு கொழுந்து" என்று தொடங்கியதும், அந்தப் பெரிய மனுஷன் தன்னை அறியாமல் முகத்தை அண்ணாந்து மூக்கைக் காட்டினான். அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். "அக்கா, அந்த ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தேன்.

"எந்த ஞாயித்துக்கிழம தம்பி?"

முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பேத்தி அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் என்னையே பார்த்தபடி அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். பிறகு, "சாப்டீங்களா?" என்றார்.

"சாப்ட்டேன்க்கா" என்றேன். அதுவும் பொய்தான்.