பால் ஊற்றிய மேடு

எங்கள் பக்கத்தில் பெண்கள் இடுகாடுவரை போவதில்லை. பாடையின் பின்னால் தெருமுனைவரை அழுதுகொண்டு நடப்பார்கள். அங்கிருந்து திரும்பி வந்து தலை முழுகுவார்கள். யாரை எங்கே புதைத்தார்கள் என்பது ஆண்களின் கண்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

குமராட்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கொள்ளிடம் பெருக்கெடுத்த ஓர் ஐப்பசியில் என் அம்மாவின் தகப்பனார் இறந்தார். ஒரே மகளான அம்மாவுக்கு அப்போது ஏழு வயது. வெள்ளம் வடியத் தொடங்கிய சமயம், கொள்ளிச்சட்டி தூக்கிய, அவளுடைய பெரியப்பா மகன் அவளை இடுகாட்டு வேலிவரை அழைத்துப்போய், நுணா மரத்தடியில் ஒரு மண்மேட்டைக் காட்டியிருக்கிறார்.

கலியாணமாகிக் கடலூருக்கு வந்த பிறகு, ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அம்மா சிதம்பரம் போய், அங்கிருந்து மினிபஸ் பிடித்து, ஒரு செம்புப் பாலோடு அந்த மேட்டின் முன் நின்றாள். பெண்பிள்ளை இங்கே வரலாமா என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, முள்ளைப் பிடுங்கிவிட்டுப் பால் ஊற்றுவாள். பிறகு சிதம்பரத்தில் காபி குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசியபடியே என்னோடு வீடு திரும்புவாள்.

சென்ற தையில் அந்த மேட்டின்மேல் யாரோ சிமெண்டில் சமாதி கட்டி, வேறொருவர் பெயரைப் பொறித்திருந்தார்கள். அம்மா செம்பைக் கீழே வைக்கவேயில்லை.

"எங்கப்பாவ எடுத்துட்டு அவுங்க ஆள வச்சிட்டாங்களா?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் நான் கிளம்பினேன். காகிதங்களை நம்பிப் பழகியவள் நான்; அங்கிருந்தே தொடங்கினேன். இறப்புப் பதிவில் ஊர் இருந்தது, இடம் இல்லை. பாடை தூக்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்தபோது, எல்லோரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். எஞ்சியவர் கொள்ளிச்சட்டி தூக்கிய அந்த மாமா ஒருவர்தான். தொலைபேசியில் கேட்ட ஒவ்வொரு முறையும், "நேர்ல வாம்மா, பேசிக்கலாம்" என்று வைத்துவிடுவார். கடைசியில், மகன் வீட்டோடு அவர் இருந்த மங்கலம்பேட்டைக்கே அம்மாவை அழைத்துப்போனேன்.

"என்ன மருமவளே, உசுரோட இருக்கறவனப் பாக்க வர ஆளில்ல, செத்தவனத் தேடி பஸ் ஏறி வந்துட்டீங்க!" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "அண்ணே, நீ காட்டுன மேடு எங்கப்பாவோடதுதானே?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் நெடுநேரம் துடைத்தார்.

"இல்லம்மா. சுடுகாடு பூரா தண்ணி. எங்க தோண்டுனாலும் ஊத்து. கொள்ளிடக் கரைதான் மேடா இருந்துச்சு, அங்கதான் வச்சோம். மறு வருசம் கரை அங்கியே ஒடஞ்சிச்சு. போயிப் பாத்தா மண்ணே இல்ல."

"அப்ப எனக்கு ஏன் அதக் காட்டுன?"

"நீ சோறு திங்காம கெடந்த. எங்கப்பா எங்க, எங்கப்பா எங்கன்னு ஒரே அழுவ. கரையக் காட்டுனா ஓடிடுவ, ஆத்துல இன்னும் தண்ணி ஜாஸ்தி. எதோ ஒரு மேட்டக் காட்டுனேன். பெரியவளானா மறந்துடுவன்னு பாத்தா, நீ புருசன் வீட்லேர்ந்து பால் செம்போட வந்து நிக்கிற. அப்புறம் எந்த வாயால சொல்றது?"

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ குரல் எழும்பாமல் கேட்டாள்: "எங்கப்பாவுக்கு யாருமே பால் ஊத்தலியா?"

"பால்தெளி அன்னிக்கு நான் ஊத்துனேன்மா. அதோட சரி."

அம்மா அவர் கையைப் பற்றிக்கொண்டாள். "நீயாச்சும் ஊத்துனியே" என்றாள்.

இந்தத் தை அமாவாசை நெருங்கியபோது, கொள்ளிடத்தில் இறங்கிப் பால் விடலாமே என்று சொல்லிப் பார்த்தேன்.

"எந்தத் தண்ணியில விடறது? அவரக் கொண்டுபோன தண்ணி அன்னிக்கே கடலுக்குப் போயிருக்கும்" என்றாள்.

அன்று மாலை வழக்கம்போல் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடந்தோம். அலையில் கால் நனைக்காமல் அவள் வீடு திரும்பியதேயில்லை. சிறுபிள்ளைபோலப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடுவாள். அன்று ஈர மணல் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிட்டாள். கூப்பிட்டேன். தலையை அசைத்தாள்.

"கால வைக்க மனசு வரலம்மா."