லண்டனுக்கு ராகுகாலம்

என் அக்காவைக் கப்பலேற்றியது நீங்கள்தான், பெரிய கிராணியாரே. விலை விழுந்த ரப்பர் அல்ல. லண்டனில் உட்கார்ந்திருந்த கம்பெனி அல்ல. துரைகூட அல்ல. நீங்கள்.

கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று பல வருடம் பார்த்தேன். ஆறவில்லை. என் படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. நயமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதத் தெரியும்.

மலாக்காவில், புலாவ் செபாங் பக்கத்தில் இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். நீங்கள் அங்கே ஆபீஸ் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி, நான் டிரைவர். ரப்பர் ஷீட்டை லோரியில் ஏற்றி ரயில் நிலையத்தில் கொண்டுபோய்ப் போடுவேன். துரை டவுனுக்குக் கிளம்பினால் அவர் காரை ஓட்டுவேன். இருபதுகளில் ரப்பர் ஏறியிருந்தபோது ஆள் போதவில்லை என்று கங்காணிகளை இந்தியாவுக்கு அனுப்பி ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். முப்பதுகளில் விலை விழுந்ததும் அதே ஆள்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருமுறை அல்ல, இரண்டு முறை. முதல் தடவை நாங்கள் தப்பினோம். இரண்டாம் தடவை, முப்பதுகளின் கடைசியில், லண்டனிலிருந்து தந்தி வந்தது. கீழ் லயத்துக் குடும்பங்களை எல்லாம் அனுப்பிவிடச் சொல்லி. திங்கட்கிழமை காலை ரயில், பிறகு கப்பல். அக்கா கீழ் லயத்து வரிசை வீடு ஒன்றில் இருந்தாள், புருஷனோடும் மூன்று பிள்ளைகளோடும்.

அனுப்புகிறார்களாம், ஊருக்கு! எந்த ஊருக்கு? அக்கா இங்கே வந்தபோது நடை பழகாத குழந்தை. நான் இங்கேயே பிறந்தவன். இந்தியாவில் எங்கள் ஊர் எது என்று கேட்டால் ஒரு நாள் ஒரு பெயரைச் சொல்வாள், மறுநாள் வேறு பெயர். அங்கே அவளுக்கு வீடு இல்லை, ஆள் இல்லை. இங்கே பால் வெட்ட முன்னூறு மரமும், லயத்துக்குப் பின்னால் ஒரு பசு மாடும் இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் லண்டனோடு தொலைபேசியில் பேசலாம் என்ற செய்தி மலாக்காவுக்கு வந்தது. மலாக்கா டவுனில் பேசினால் குரல் கம்பி வழியாகச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து காற்றிலேயே லண்டன் போய்ச் சேருமாம். டவுனில் கேட்டு வந்து அக்காவிடம் சொன்னேன். மறுநாள் விடியற்காலை பெரட்டில், ஆள் எண்ணுகிற இடத்தில், எல்லார் முன்னாலும் அக்கா துரையை மறித்தாள்.

“துரை, தந்தியில நாலு வார்த்தை போவும். நாலு வார்த்தையில எங்க கதைய எப்படிச் சொல்லுவீங்க? வாயால பேசுங்க.”

துரை நல்லவர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று கேட்டார். லண்டனில் இருந்த பெரிய துரை ஒரு காலத்தில் இதே தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்தவர். ஆள்களை முகம் பார்த்துத் தெரியும். வாயால் சொன்னால் கேட்கக்கூடியவர்தான் என்று துரையே சொன்னார். பிறகு உங்களைக் கூப்பிட்டு உத்தரவு போட்டார். அதுவும் தோட்டத்துத் தமிழில், நாங்கள் எல்லோரும் கேட்க: “வெள்ளிக்கிழமை. லண்டன் நேரம் பத்தரை. அப்போதான் பெரிய துரை மேசையில் இருப்பான். பிறகு போயிடுவான்.”

நம் கடிகாரம் லண்டன் கடிகாரத்துக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் முன்னால் ஓடும். அங்கே காலை பத்தரை என்றால் இங்கே மாலை ஆறு அடிக்கப் போகும். நினைத்த நேரத்தில் பேசவும் முடியாது. முன்கூட்டியே போய் நேரம் பதிய வேண்டும். பதிகிற வேலை உங்களுடையது. உங்களை மலாக்காவுக்கு ஏற்றிப்போன வேலை என்னுடையது.

வழியில் அலோர் காஜா தாண்டியதும் நீங்கள் சட்டைப் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தீர்கள். அதில் ஆச்சரியம் இல்லை. ராகுகாலம் பார்க்காமல் நீங்கள் பேனாவுக்கு மை ஊற்றியதுகூட இல்லை. சம்பளமே ராகுகாலம் கழிந்துதான் போடுவீர்கள். நாங்கள் வெயிலில் நிற்போம்.

“டேய், வெள்ளிக்கிழமை பத்தரைக்கு என்ன வருது?” என்றீர்கள்.

“ராகுகாலம் ஐயா. ஆனா அது காலைல. நாம பேசுறது சாயங்காலம்லா?”

“நமக்குச் சாயங்காலம். கேக்குறவன் காது எங்க இருக்கு? லண்டன்ல. அங்க மணி என்ன? பத்தரை. பத்தரைலேருந்து பன்னெண்டு வரைக்கும் அங்க ராகுகாலம்.”

“வெள்ளைக்காரனுக்கு ஏதுங்கய்யா ராகுகாலம்?”

“அவனுக்குத் தெரியாது. அதுக்காக ராகு அவன விட்டுருவானா?”

சிரித்தேன். விளையாட்டாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். தொலைபேசி ஆபீசிலிருந்து வெளியே வந்து, “பன்னெண்டு தாண்டிப் போட்டுட்டேன். நமக்கு ஏழரை மணி. நல்ல நேரம்” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு நின்றது.

“துரை பத்தரைன்னுல்ல சொன்னாரு, ஐயா?”

“உங்க அக்கா நல்லதுக்குத்தான்டா செய்றேன். வாய மூடிக்கிட்டு வண்டிய ஓட்டு.”

தோட்டத்துக்கு வந்ததும் துரையிடம் நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. லண்டன் பத்தரைக்கு லைன் கிடைக்கவில்லை, நம் நேரம் ஏழரைக்குத்தான் கிடைத்தது என்றீர்கள். துரை தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றே உங்களை மடக்கினேன். மறுபடி போய் மாற்றுங்கள், நான் ஓட்டுகிறேன் என்றேன். “நீ டிரைவர்” என்றீர்கள். அவ்வளவுதான் பதில்.

அந்த நாட்களில் எங்களில் யாராலும் உட்கார முடியவில்லை. அக்கா பானைகளைச் சாக்கில் கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். அத்தான் லயத்துக்கும் கடைக்குமாக நடந்தார். மாடு வாங்குகிற ஒருவர் தம்பின் டவுனிலிருந்து தினமும் வந்து நின்றார்.

“என்ன தங்கச்சி, கப்பல்ல மாட்டுக்கும் டிக்கெட் குடுக்குறாங்களா?”

“முதல்ல உங்களுக்கு ஒண்ணு வாங்கித் தாரேன் அண்ணே. நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க, பெறகு மாட்ட அனுப்புறேன்.”

வாய்தான் அப்படி. அவர் போன பிறகு மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெள்ளிக்கிழமை துரை பேசி முடிக்கும்வரை மாட்டை விற்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை துரையும் நீங்களும் காரில் ஏறினீர்கள். வழியெல்லாம் என் கண் வண்டியின் கடிகாரத்தில்தான் இருந்தது. ஆறு மணி கடந்தபோது இப்போது அந்தப் பெரிய துரை மேசையில் இருக்கிறான், இப்போது இருக்கிறான் என்று மனசு அடித்துக்கொண்டது. தொலைபேசி ஆபீசில் துரை கண்ணாடி அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். நின்றேன் என்பது பொய். நடந்தேன், கதவுக்கும் காருக்குமாக. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள்.

துரை போன வேகத்தில் வெளியே வந்தார். “சாப்பிடப் போயிட்டான்” என்றார். “வெள்ளிக்கிழமை சாப்பிடப் போனா திங்கட்கிழமைதான் ஆபீஸ் வருவானாம்.”

திரும்பும் வழியில் நான் வாயை மூடவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். “துரை, நீங்க சொன்ன பத்தரைக்கு இவரு போய்க் கேக்கவே இல்ல. ராகுகாலம்னு மாத்திட்டாரு” என்றேன். துரைக்கு ராகு புரியவில்லை. பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் இங்கிலீஷில் என்னமோ சொன்னீர்கள். கொஞ்ச நேரம் சொன்னீர்கள். துரை என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஓட்டு, ஓட்டு” என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஓட்டினேன்.

சனிக்கிழமை துரை கிளப்புக்குப் போனார். பேசிப் பார்த்தாயிற்று என்பது அவர் கணக்கு. திங்கட்கிழமை காலை புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்குக் கீழ் லயத்துச் சனத்தை என் லோரியில்தான் ஏற்றிப்போனேன். ரப்பர் ஷீட் ஏற்றுகிற அதே லோரி. மாட்டுக்காரர் கேட்ட விலைக்கே மாட்டை ஓட்டிக்கொண்டு போயிருந்தார். ரயில் நகர்ந்தபோது அக்கா என்னைப் பார்க்கவில்லை. கடைசிப் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

நாம் காலையில் ரயிலேற்றும்போது லண்டனில் நடுச்சாமம். அங்கே ஆபீஸ் திறந்தபோது நமக்குச் சாயங்காலம். சாயங்காலம் போய்த்தான் தந்தி வந்தது. வெள்ளிக்கிழமை கூப்பிட்டாயாமே, என்ன விஷயம் என்று அந்த மனிதர் கேட்டிருந்தார். கேட்டார், பாருங்கள்! துரை பதில் அடித்தார். அதற்கும் பதில் வந்தது, பாதிப் பேரை வைத்துக்கொள் என்று. அதற்குள் கப்பல் கடலில் இருந்தது.

அந்தப் பாதியில் அக்கா இருந்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. பெரட்டில் துரையை மறித்தவள் அவள்தான், இருந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். நாகப்பட்டினத்தில் இறங்கினாள் என்பதுவரை கூடப்போனவர்கள் மூலம் தெரிந்தது. பிறகு போர் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் நேரத்தை மாற்றவில்லை. அது எனக்கும் தெரியும். நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தீர்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. இப்போது நீங்கள் கோயில் கமிட்டித் தலைவர். ஒவ்வொரு வருடமும் திருவிழா மேடையில் மாலையைப் போட்டுக்கொண்டு, “தொழிலாளிகளுக்காக லண்டனோடேயே பேச ஏற்பாடு செய்தவன் நான்” என்கிறீர்கள். சனம் கை தட்டுகிறது. கீழே நிற்கிற என்னைப் பார்த்தும் சொல்கிறீர்கள்.

இந்த வருடமும் திருவிழா வருகிறது. அதே மேடையில், அதே ஒலிபெருக்கியில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி எனக்குப் பதில் சொல்லுங்கள். துரை சொன்ன நேரத்தை மாற்றியது யார்? அன்று காரில், பின் சீட்டில் உட்கார்ந்து, துரையைச் சிரிக்கவைக்க இங்கிலீஷில் என்ன சொன்னீர்கள்? தமிழில் சொல்லுங்கள். ராகுகாலம் கழித்தே சொல்லுங்கள், நான் நிற்கிறேன்.