பொரித் தட்டில் விழுந்த தோட்டா

கிரீன் கார்டு கைக்கு வந்ததும் எங்கள் ஜனங்கள் வீடு வாங்குவார்கள், இல்லையென்றால் ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பார்கள். என் வீட்டுக்காரர் துப்பாக்கி வாங்கினார். தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் பேர்லேண்டுக்குக் குடிவந்த இரண்டாவது வருஷம் அது. "டெக்சாஸ்ல இருந்துட்டு இது இல்லாம எப்படி அம்மிணி?" என்று என்னையே கேட்டார். ஈரோட்டில் வாசலுக்குப் பாம்பு வந்தால் பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்ட மனுஷன்! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

வாங்கியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. வாரம் தவறாமல் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுப் பழகினார். அங்கே கூடுகிற ஆட்கள் மாதம் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பத்திரிகை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் ஸ்டேப்ளர் அடித்து, தபாலில் வரும் சில தாள்கள். எந்தத் துப்பாக்கி கைக்கு அடக்கம், துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையில் அரசாங்கம் எங்கே கை வைக்கப் பார்க்கிறது, வீட்டுக்குள் திருடன் நுழைந்தால் எந்த மூலையில் நிற்பது, இவைதான் விஷயம். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ரிட்டயர்டு ஆட்கள். அவர்கள் நடுவில் இவரும் எழுத்தாளர் ஆகிவிட்டார்.

இவர் எங்கே எழுதினார்? எழுதியது நான்.

கோயம்புத்தூரில் காலேஜில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். இங்கே என் டிகிரியை யாரும் சீந்தவில்லை. அதனால் வீட்டில் இருந்தேன், மகளைப் பார்த்துக்கொண்டேன். இவர் கெமிக்கல் பிளான்ட் இன்ஜினியர். இவர் எழுதினால் மெஷின் ரிப்போர்ட் மாதிரி இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் தாள்களைச் சமையல் மேடையில் வைத்து, "கொஞ்சம் கரெக்ட் பண்ணிக் குடேன், சும்மா கமா, ஃபுல்ஸ்டாப் பார்த்தா போதும்" என்பார். கமாவும் ஃபுல்ஸ்டாப்புமா? முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பிரித்துப் போட்டு நான் திரும்பக் கட்டுவேன். நடுவில் இரண்டு கிண்டல் சேர்ப்பேன். அந்தக் கிண்டலுக்குத்தான் ரேஞ்சில் இவர் முதுகைத் தட்டினார்களாம். வந்து என்னிடமே பெருமையாகச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு அந்தத் துப்பாக்கிச் சனியனைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வெச்சுக்கோங்க, சுடுங்க, எழுதுங்க, என்னமோ பண்ணுங்க. ஒரு பூட்டுப் பெட்டி வாங்கி அதுக்குள்ள வைங்க. வீட்டுல அஞ்சு வயசுக் குழந்தை இருக்குது." துப்பாக்கி கட்டிலுக்குப் பக்கத்து டிராயரில், கைக்குட்டைகளுக்கு அடியில், தோட்டாவோடு இருந்தது. அந்த டிராயர் மகளின் கழுத்து உயரம்.

இவர் பதில் எப்போதும் ரெடி. "திருடன் வந்து நிக்கறப்ப சாவியத் தேடிட்டு இருக்கச் சொல்றயா?" அந்தப் பத்திரிகையில் பூட்டுப் பெட்டி என்றால் கேலி. இவரும் அதைக் கேலி செய்து ஒரு கட்டுரை எழுதினார். அதையும் என்னிடமே கொடுத்தார். நான் கேட்ட பெட்டியைக் கிண்டல் பண்ணுகிற வாக்கியத்தை நானே உட்கார்ந்து நன்றாக வரும்படி செய்துகொடுத்தேன் என்றால், என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை தீபாவளிக்குச் சமம். தறிப்பட்டறை, மில், லாரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பொரி கடலை கொடுப்பார்கள். பேர்லேண்டில் தறிக்கு எங்கே போவது? கம்ப்யூட்டர், மிக்ஸி, இரண்டு கார், புல் வெட்டும் மெஷின், என் பழைய டிக்‌ஷனரி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நாளைப் பார்த்து லீவு கிடைக்காது என்பதால் சனிக்கிழமை பூஜை, ஞாயிற்றுக்கிழமை மறுபூஜை. நடுவில் பூஜையில் வைத்த எதையும் தொடக்கூடாது என்பது வழக்கம். சின்ன வயதில் பாடப் புத்தகத்தை அதில் வைத்துவிட்டு நாங்கள் ஜாலியாக இருந்த ஒரே நாள் அது.

நான் பலகையில் எல்லாம் அடுக்கி முடித்த நேரம் இவர் டிராயரிலிருந்து துப்பாக்கியை எடுத்து வந்தார். "பேரே ஆயுத பூஜை. ஆயுதத்த வெக்காம மிக்ஸிய வெச்சா எப்படி?"

"ஏனுங்க, குழந்தைங்கெல்லாம் வருவாங்க."

"மேகசின உருவியாச்சு. எம்ப்டி. இத பாரு." தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை எடுத்துத் தனியாக வைத்தார், பக்கத்தில் துப்பாக்கியை வைத்தார், இரண்டுக்கும் தனித்தனியாகப் பூ வைத்தார்.

மதியத்துக்கு மேல் மூன்று குடும்பம் வந்தது. அதில் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்த யாழ்ப்பாணத்து அக்கா. அவருடைய இரண்டு பெண்களும் என் மகளும் பள்ளி விட்டால் ஒன்றாகத்தான் இருப்பார்கள். ஆண்கள் பலகையைச் சுற்றி நின்று துப்பாக்கியைப் பார்த்து "சூப்பரா இருக்கே" என்றார்கள். அக்கா மட்டும் அதைப் பார்த்ததும் வாசல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார்.

கற்பூரம் காட்டும் முன்னால் மகள் குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, கேன் ஐ புட் த பொட்டு?" கேட்டுக்கொண்டே மிக்ஸிக்கு வைத்தாள், டிக்‌ஷனரிக்கு வைத்தாள், அடுத்தது துப்பாக்கி. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகை விரலைக் கொண்டுபோனாள். பிடித்த கையின் விரல் சுடுகிற விசையில் போய் நிற்பதைப் பார்த்தேன். ஐயோ என்று ஆகிவிட்டது.

மேகசினை உருவினால் மட்டும் துப்பாக்கி காலி ஆகாது. குழலுக்குள் ஒரு தோட்டா நிற்கலாம். மேல் பாகத்தைப் பின்னால் இழுத்துப் பார்க்காமல் காலி என்று சொல்லக்கூடாது. இதை யார் எழுதியது? இவர்தான், மூன்றாவது கட்டுரையில். அதை மூன்று முறை திருத்திய எனக்கு மனப்பாடம். எழுதிய ஆளுக்கு மறந்துவிட்டது.

மகள் கையிலிருந்து வாங்கினேன். ஆள் இல்லாத சுவர்ப் பக்கம் திருப்பி, இவர் ஒருநாள் பிடிவாதமாகச் சொல்லிக்கொடுத்த மாதிரி மேல் பாகத்தை இழுத்தேன். ஒரு தோட்டா துள்ளி வந்து பொரித் தட்டில் விழுந்தது. சத்தமே இல்லை. பொரிக்குள் புதைந்து, பித்தளை மட்டும் கொஞ்சம் மின்னியது.

இவர் முகம் வெளிறிப்போனது. பிறகு வாயைத் திறந்து என்ன கேட்டார் தெரியுமா?

"பூஜைல வெச்சத ஏன் தொட்டே?"

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. குழந்தை தொட்டது குற்றம் இல்லை, தோட்டாவோடு வைத்தது குற்றம் இல்லை, நான் தொட்டதுதான் குற்றம்! பயத்தில் வாயில் வந்ததைப் பேசினார் என்று பின்னால் சமாதானம் சொன்னார். பயந்தால் குழந்தையைத் தூக்கு, என்னைத் திட்டாதே.

அக்கா தன் பெண்களைக் கையில் பிடித்தார். "நாங்கள் உதுக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மற்றவர்களும் சாப்பிடாமலே போனார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பெண்கள் வரவில்லை. மகள் ஜன்னலில் நின்று, "வொய் ஆர் தே நாட் கமிங்?" என்று என்னைத்தான் நச்சரித்தாள். நான் திரும்பவும் பெட்டி கேட்டேன். "இனிமே நான் செக் பண்ணித்தான் வெப்பேன், விடு" என்றார். துப்பாக்கி அதே டிராயருக்குப் போனது.

சரி, இந்த ஆளுக்கு என் பேச்சு ஏறாது, அந்தப் பத்திரிகை பேச்சுதானே ஏறும் என்று உட்கார்ந்து எழுதினேன். பூஜை, குங்குமம், பொரித் தட்டு, எல்லாவற்றையும். இவர் கேட்ட கேள்வியையும் விடவில்லை. கடைசியில் வேண்டுமென்றே ஒரு பொய் சேர்த்தேன்: 'அடுத்த நாளே எங்கள் வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி வந்தது.' கீழே என் பெயரைப் போட்டு இவருக்குத் தெரியாமல் தபாலில் அனுப்பினேன். அமெரிக்காவில் முதல் முறையாக என் எழுத்து என் பெயரில் வரப்போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே துடிப்பு.

கட்டுரை வந்தது. மேலே இவர் பெயர்.

அந்தப் பத்திரிகையை நடத்திய டெக்சாஸ்காரத் தாத்தாவுக்கு போன் போட்டேன். நல்ல மனுஷர்தான். இங்கே வந்ததும் இவர் பெயரைத்தானே என் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்தது அந்தப் பின்பாதி மட்டும். விலாசம் ஒன்று, எழுத்தும் அதே எழுத்து. மனைவி சொல்வதுபோல் எழுதியிருப்பது பிரமாதம், இதுவரை உங்கள் கணவர் எழுதியதில் இதுதான் சிறந்தது என்றார். நான்தான் எழுதினேன் என்றேன். கடகடவென்று சிரித்தார், நான் ஜோக் அடிக்கிறேன் என்று. இரண்டாவது முறையும் சொன்னேன். அதற்கும் சிரித்தார். போனை வைத்துவிட்டு, தேய்த்து வைத்த பாத்திரத்தையே திரும்ப எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ரேஞ்சில் எல்லோரும் இவரைச் சூழ்ந்துகொண்டு, என்ன பெட்டி வாங்கினாய், சாவியா நம்பரா என்று கேட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் பெட்டியைக் கேலி செய்த அதே வாய்கள். இவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. வரும் வழியிலேயே கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத எழுதுனது உங்க பொண்டாட்டின்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"எப்படிச் சொல்றது? அப்ப முன்னாடி வந்ததெல்லாம் யாரு எழுதுனதுன்னு கேப்பாங்கல்ல?"

அக்காவைக் கூட்டிவந்து பூட்டிய பெட்டியைக் காட்டினேன். அதன் பிறகுதான் பெண்கள் திரும்ப வந்தார்கள். அதில் எனக்குப் பெரிய நிம்மதி, பொய் சொல்லக்கூடாது. ஆனால் இவர் தாள்களை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. மேடையில் வைத்துப் பார்த்தார், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் தானே எழுதி அனுப்பினார். அது அந்தத் தாத்தாவின் குறிப்போடு திரும்பி வந்தது: என்ன ஆயிற்று, இது உங்கள் எழுத்து மாதிரியே இல்லையே.

அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "கொஞ்சம் பாரேன்" என்றார்.

"யாரு எழுதுனதுன்னு அந்தத் தாத்தாவுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லுங்க. பாக்கறேன்."

இவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அதற்கப்புறம் அந்தப் பத்திரிகையில் இவர் பெயர் வரவில்லை. என் பெயரும் வரவில்லை.